கூடைப்பந்து ஸ்டாண்டு வாங்கும் முன் அடித்தொட்டியைப் பாருங்கள்

வீட்டில் வைத்து ஆட ஒரு கூடைப்பந்து ஸ்டாண்டு வாங்க வேண்டும், எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பளபளவென்று ஒரு போர்டு, ஆரஞ்சு நிற வளையம், வெள்ளை வலை. "போர்டு எப்படி இருக்கு?" என்பார்கள். நான் படத்தைக் கீழே நகர்த்தி, தண்ணீரோ மணலோ நிரப்பும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைப் பார்ப்பேன். அது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறதா எனத் தேடுவேன். எழுதவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பொருளே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் நான் கூடைப்பந்து ஆடியவள். கோவையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமானதல்ல. நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் ஆடுவதைப் பார்த்தே பல பேருக்கு ஆசை வந்திருக்கிறது. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆடுகிறாள். பள்ளியில் அவளுக்குக் கோர்ட் கிடைப்பது வாரத்தில் ஓரிரு முறைதான், அதிலும் வளையத்தைப் பார்த்து எறிய அவள் முறை வருவது கொஞ்ச நேரம். ஷூட்டிங் என்பது தினமும் எறிந்து எறிந்து கைக்கு வர வேண்டிய விஷயம். அதனால் வீட்டில் ஒரு வளையம் இருப்பது பெரிய உதவி என்று முழு மனதோடு நம்புகிறேன். அதற்கு அரை லட்சம் செலவழிக்கத் தேவையில்லை என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறேன்.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து வாசலை அளந்துவிடுங்கள். எதிரணி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ கோடு போர்டுக்கு நேர் கீழே இருந்து 4.6 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது 15 அடி. எறிபவர் நிற்க அதற்குப் பின்னால் இரண்டடி, ஸ்டாண்டின் தொட்டிக்குப் போர்டுக்குப் பின்னால் நாலடி. ஆக ஏறத்தாழ 20, 21 அடி நீளம் இருந்தால் ஒரு குழந்தைக்கு ஃப்ரீ த்ரோ வரை பழக முடியும். அகலம் 12 அடி கிடைத்தால் இரண்டு பக்கமும் நகர்ந்து எறியலாம். நம் ஊர் வீடுகளின் கார் ஷெட் பெரும்பாலும் இதைவிடச் சின்னதுதான். பரவாயில்லை, 10 அடி தூரம் இருந்தாலும் கையைச் சரியாக வைத்து எறியப் பழகலாம், ஓடிவந்து எம்பி வளையத்தின் பக்கத்திலிருந்து போடும் லே-அப்புக்கு மட்டும் இடம் இருக்காது. மூன்று பாயின்ட் கோடு சர்வதேச விதிப்படி 6.75 மீட்டரில் இருக்கிறது. வீட்டில் அதை மறந்துவிடலாம்.

தரையின் சரிவையும் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கார் ஷெட் தரையைக் கேட் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். கேட் திறந்திருந்தால் தவறிய பந்து ஒவ்வொன்றும் தெருவுக்குப் போகும், பின்னாலேயே பிள்ளையும் போகும். ஸ்டாண்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருப்பது மிக நல்லது. தவறிய பந்து சுவரில் பட்டு இந்தப் பக்கமே வரும், காற்று அடித்தாலும் சுவர் ஒரு பாதுகாப்பு. இன்னொன்றை மறக்கவே கூடாது: மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். போர்டின் உச்சி வளையத்தைவிட இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருக்கும். கம்பத்தைப் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு நிமிர்த்தும்போது அது ஒரு பெரிய வளைவில் மேலே வருகிறது. வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தாழத் தொங்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடை ஒரு காரணம் அல்ல. ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி கணக்குப் போட வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது, தண்ணீர் நிரப்பிய ஸ்டாண்டு அதையொட்டித்தான் வரும். நான் பயப்படுவது கைப்பிடிச் சுவருக்காக. இடுப்பளவு சுவருக்கு அப்பால் பறக்கும் பந்தைப் பிடிக்க எட்டிக் குதிக்கும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் தலைக்கு மேல் உயரமாக வலை கட்டிய மாடி என்றால் சரி. இல்லையென்றால் வேண்டாம்.

இனி தொட்டிக்கு வருகிறேன். கம்பமும் போர்டும் வளையமும் மேலே, முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவையும் இழுத்துப் பிடிப்பது கீழே இருக்கும் எடை மட்டும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர், அதாவது 100 கிலோ. அந்த எடையின் மையம் தொட்டியின் முன் விளிம்பிலிருந்து 40 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் நடு அதே விளிம்பிலிருந்து 80 செ.மீ. முன்னால். 40 கிலோ எடையுள்ள ஒரு பையன் வளையத்தைப் பிடித்துத் தொங்கினால் முன்பக்கம் சாய்க்கும் விசை 40ஐ 80ஆல் பெருக்கி 3200. பின்னால் பிடித்து நிறுத்துவது 100ஐ 40ஆல் பெருக்கி 4000. நின்றுவிடும் போலத் தோன்றும். ஆனால் போர்டின் எடையும் வளையத்தின் எடையும் முன்பக்கத்தோடுதான் சேர்கின்றன, தொங்குகிற பையன் சும்மா தொங்கமாட்டான், ஆடுவான். 50 லிட்டர் தொட்டி என்றால் பின்பக்கம் வெறும் 2000 தான், கணக்கே வேண்டியதில்லை. அதே 100 லிட்டர் தொட்டியில் காய்ந்த மணல் நிரப்பினால் 160 கிலோ வரை வரும், பின்பக்க விசை 6400 ஆகிவிடும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வரும் காற்று வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் தகர ஷீட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறது. 44 இஞ்ச் அகலமுள்ள வீட்டு போர்டு என்பது முக்கால் சதுர மீட்டர் பரப்பு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று அதன்மேல் நேராக அடித்தால் 10, 11 கிலோ அளவுக்கு ஒரு தள்ளு கிடைக்கும், அதுவும் பத்தடிக்கு மேலே. மேலே போட்ட கணக்கின்படி அது ஒரு பையன் தொங்குவதற்குச் சமம். எனவே ஆடி மாதம் முழுக்க இரவில் வளையத்தை மிகக் கீழே இறக்கிவிடுகிறோம். கம்பத்தைச் சுவரோரக் கிரில்லோடு நைலான் கயிற்றால் கட்டிவிடுகிறோம். பலத்த புயல் எச்சரிக்கை வந்தால் சென்னை, கடலூர்க்காரர்கள் ஸ்டாண்டைப் படுக்கவைத்துவிடுவதே நல்லது. கீழே வைத்த பொருள் விழாது.

தண்ணீரா மணலா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அடிக்கடி நகர்த்த வேண்டுமென்றால் தண்ணீர். ஒரே இடத்தில் நிற்கப் போகிறதென்றால் மணல். தண்ணீரை ஹோஸ் பைப் வைத்து நிரப்பிவிடலாம், வேண்டாதபோது திறந்துவிடலாம். சிறுவாணித் தண்ணீரை இதில் ஊற்றாதீர்கள், போர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் தொட்டிக்கு உப்பு ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக்கில் மெல்லிய விரிசல் விழுந்தால் மட்டும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே வரும், மேலே எல்லாம் அப்படியே இருப்பது போலத் தெரியும். மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து மட்டம் பார்ப்பது அவசியம்.

மூடி தொலைந்தால் அன்றைக்கே மாற்றாக ஒன்றைத் தேடிப் பூட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். 100 லிட்டர் தண்ணீரை வாசலில் திறந்து வைத்துவிட்டு, மாநகராட்சிப் பணியாளர் வந்து பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கும்போது நாம் தலையாட்டிக்கொண்டிருக்க முடியாது.

மணல் என்றால் எம்-சாண்ட் போதும். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் அந்தச் சின்னத் துவாரத்தில் இறங்காது, உள்ளே போகும் கம்பத்தின் அடியும் துருப்பிடிக்கும். ஒரு புனலும் பொறுமையும் வேண்டும். நிரப்பிய பிறகு அதை நகர்த்துவது இரண்டு பெரியவர்களுக்கும் கஷ்டம்தான். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் பின்பற்றுவதும் அதுதான். தொட்டியில் தண்ணீர், அதன் பின்பக்கம் மேலே இரண்டு மணல் மூட்டைகள். தண்ணீர் குறைந்தாலும் மூட்டை காப்பாற்றும். நகர்த்தும்போது மூட்டையை இறக்கிவிட்டால் போதும். மூட்டைக்கு உரச் சாக்கு நல்லது, ஆனால் வெயிலில் ஒரு வருடத்தில் பொடிந்துவிடும் என்பதால் மேலே ஒரு பழைய தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிவைத்திருக்கிறேன். கான்கிரீட்டை மட்டும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அப்புறம் அது நகரும் ஸ்டாண்டே இல்லை.

கம்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரும் ஸ்டாண்டுகளில் கம்பம் இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக வரும், ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். துண்டு குறையக் குறைய ஆட்டம் குறையும். விட்டம் மூன்று இஞ்ச் பக்கத்தில் இருந்தால் நல்லது. செருகும் இடத்தில் மரப்பலகை வைத்துத் தட்டி இறுக்க வேண்டும், நேராகச் சுத்தியலால் அடித்தால் விளிம்பு மடங்கிவிடும். டெகாத்லான் மாதிரி பொருளைப் பூட்டி நிறுத்திவைத்திருக்கும் கடைக்கு ஒருமுறை நேரில் போய்க் கம்பத்தை மார்பு உயரத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். போர்டு எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று கவனியுங்கள். வாங்குவது இணையத்தில் என்றாலும், நல்லது எப்படி நிற்கும் என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

உயரத்தில்தான் பெற்றோர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். "ஒரிஜினல் ஹைட்டிலேயே பழகட்டும்" என்கிறார்கள். போட்டி வளையத்தின் அந்தப் பத்தடி உயரம் எப்படி வந்தது தெரியுமா? 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். அவர் ஆடவைத்தது வளர்ந்த இளைஞர்களை. (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே படித்து வந்த பி.டி. மாஸ்டர்கள் எத்தனையோ பள்ளிகளுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள்.)

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான மினி பாஸ்கெட்பாலில் சர்வதேசக் கூட்டமைப்பே வளையத்தை 2.60 மீட்டரில், ஏறத்தாழ எட்டரை அடியில் வைக்கச் சொல்கிறது. பந்தும் 5ஆம் எண் பந்து. காரணம் எளிது. பத்தடியை எட்டுவதற்குச் சின்னக் கைகளில் பலம் போதாது. உடனே பிள்ளை பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் தோளைத் திருகி வீசத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்தால் பதினாலு வயதில் அதைக் கோச் உடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வளையம் தாழ்வாக இருந்தால் முழங்கையை மடக்கி, மணிக்கட்டைச் சொடுக்கி, ஒரு கையால் முறையாக எறிய முடியும். பந்து உள்ளே விழும், மறுபடி எறியத் தோன்றும். என் மகளுக்கு ஏழரை அடியில் தொடங்கி, எறியும் முறை கெடாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அரை அடி அரை அடியாக ஏற்றினோம்.

அதனால் வாங்கும் ஸ்டாண்டு ஏழரை அடி வரையாவது கீழே இறங்க வேண்டும், பத்தடி வரை ஏற வேண்டும். இரண்டும் இருந்தால் ஐந்தாம் வகுப்பில் வாங்கியது பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவும். இதில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் "10 அடி" என்று போட்டிருப்பது வளையத்தின் உயரமா, போர்டின் உச்சி வரைக்குமான உயரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சி வரை பத்தடி என்றால் வளையம் எட்டடிக்கும் கீழே இருக்கலாம். உயரத்தை மாற்றும் முறையும் முக்கியம். துளையில் கம்பி செருகும் முறை மலிவானது, உறுதியானது, ஆனால் ஏற்றி இறக்க ஒரு பெரியவர் ஸ்டூலில் ஏற வேண்டும். கைப்பிடியை அழுத்தி ஏற்றும் லீவர் முறை வசதியானது, விலை கூடும். ஒரு பிள்ளை மட்டும் ஆடும் வீட்டில் துளை முறையே போதும். அண்ணனும் தங்கையும் ஆடும் வீட்டில் லீவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மாற்றுவது சிரமமாக இருந்தால் மாற்றாமலே விட்டுவிடுவார்கள், தங்கைதான் கஷ்டப்படுவாள்.

போர்டைப் பற்றி எல்லோரும் இவ்வளவு கவலைப்படுகிறார்களே, உண்மையில் அதில் சொல்ல அதிகமில்லை. போட்டி போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். அதன் நடுவில் வரையப்பட்டிருக்கும் சின்னச் செவ்வகம் 59 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். பிள்ளைகள் போர்டில் அடித்துப் போடப் பழகுவது அந்தச் செவ்வகத்தின் மேல் மூலையைக் குறிவைத்துத்தான். 44 இஞ்ச் போர்டில் அது தாராளமாக அடங்கும். பொருளில், கெட்டி பிளாஸ்டிக் போர்டு மிக மலிவு, பந்து மந்தமாகத் திரும்பும். பாலிகார்பனேட் உடையாது, கொஞ்சம் அதிரும். அக்ரிலிக்கில் பந்து நன்றாகத் திரும்பும், ஆனால் விரிசல் விடக்கூடியது. கண்ணாடி போர்டு வீட்டுக்குத் தேவையே இல்லை, அதன் எடைக்கு ஏற்ற அடித்தளம் மலிவு விலையில் கிடைக்காது. வெயிலும் மழையும் படும் நம் வாசலுக்கு நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன்.

வளையத்தை மட்டும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். உள்விட்டம் 45 செ.மீ. இருக்க வேண்டும். மலிவான செட்டுகளில் அது குறைவாக இருக்கும். 7ஆம் எண் பந்தின் விட்டம் 24 செ.மீ., சின்ன வளையத்திலும் நுழையும்தான், ஆனால் விளிம்பில் பட்டும் உள்ளே சாய வேண்டிய பந்தெல்லாம் வெளியே போய், பிள்ளைக்குத் தான் எறிந்தது தப்போ என்று தோன்றிவிடும். கம்பி 16 மி.மீ. உருட்டுக் கம்பியாக இருக்கட்டும், உள்ளே குழலாக இருக்கும் வளையம் நெளியும். ஸ்ப்ரிங் வைத்த வளையம் வேண்டுமா என்று கேட்டால், எம்பிப் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிக்கும் டங்க் அடிக்கும் வயது வரும்வரை தேவையில்லை. அந்த ஸ்ப்ரிங் வளையத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் தானியக் கிடங்கு ஒன்றை நடத்திய ஆர்தர் எரட். நிலத்தைக் கிளறும் கல்டிவேட்டரின் ஸ்ப்ரிங்கை எடுத்து வளையத்தின் அடியில் வைத்துப் பார்த்தார், 1982இல் காப்புரிமை கிடைத்தது. பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் நிறைந்த ஊரில் வாழ்கிறவளுக்கு இந்தக் கதை எப்போதும் பிடிக்கும்.

பட்டறை என்றதும் நினைவுக்கு வருவது பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் அக்கா வீடு. அவர்கள் கடையில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு முன்னால் கொப்பரை காயவைக்கும் சிமென்ட் களம் இருக்கிறது, பிள்ளைகள் ஆட இதைவிட நல்ல தரை ஊரில் கிடையாது. ஆனால் கொப்பரை பரப்பும் நாட்களில் களம் காலியாக வேண்டும், ஆகவே ஸ்டாண்டு நகர வேண்டும். அக்கா ஊர் வெல்டிங் பட்டறைக்குப் போனாள். "மூணு இஞ்ச் பைப்பு சி கிளாஸ்ல போட்டுக்கலாமுங்க அக்கா. அதுக்குள்ள ரெண்டரை இஞ்ச் பைப்பு இறங்கும். ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டீட்டா ஏத்தலாம், இறக்கலாமுங்க" என்றார் பட்டறைக்காரர். சி கிளாஸ் என்றால் சுவர் தடிமனான பைப். அப்படியே செய்தார்கள். அரை அடிக்கு ஒரு துளை, குறுக்கே 16 மி.மீ. போல்ட். கீழே சேனல் கம்பியில் ஒரு சட்டம், அதில் பூட்டுப் போடக்கூடிய நாலு சக்கரம். எடைக்குத் தொட்டி கிடையாது, சட்டத்தின் பின்பக்கம் ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் கற்களை அடுக்கிவிட்டார்கள். ஒரு கல் ஏறக்குறைய 25 கிலோ, ஆறு கல் வைத்தால் 150 கிலோ. நகர்த்த வேண்டுமென்றால் கல்லை எடுத்துவிட்டுத் தள்ளுகிறார்கள். போர்டு 18 மி.மீ. மெரைன் பிளைவுட், விளிம்புக்கு ஆங்கிள் சட்டம், ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பெயின்ட். வளையமும் வலையும் மட்டும் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியவை.

நான் ஆடிப் பார்த்த வீட்டு ஸ்டாண்டுகளிலேயே அதுதான் உறுதியானது. பிளைவுட்டில் பந்து பட்டுத் திரும்பும் விதம் நாங்கள் பள்ளியில் ஆடிய மரப் போர்டை நினைவூட்டியது. கடையில் அதே உறுதியில் வாங்க வேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். அழகு குறைவு, எடை அதிகம், வாடகை வீட்டுக்காரர்களுக்குச் சரிப்படாது. ஆனால் சொந்த இடமும் தெரிந்த பட்டறையும் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். வரைபடம் கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: போர்டு கம்பத்திலிருந்து இரண்டடியாவது முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் லே-அப் போட ஓடிவரும் பிள்ளை நேராகக் கம்பத்தில் மோதும். முன்னால் தள்ளிவைத்தால் பின்பக்க எடையையும் கூட்ட வேண்டும். இரும்புச் சட்டத்தின் மூலைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். கம்பத்தில் ஐந்தடி வரை பழைய மெத்தையின் ஃபோமைச் சுற்றி ரெக்ஸின் தைத்துவிட்டால் போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது கைமாறியது. பெங்களூருக்கு மாறிப்போன குடும்பம் ஒன்று விற்றது, கடை விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் மூலையில் நிற்கும் பொருள் இது, எனவே ஓ.எல்.எக்ஸிலும் குடியிருப்புக் குழுக்களிலும் பொறுமையாகத் தேடினால் நல்லது சிக்கும். போகும்போது ஒரு குடம் தண்ணீர் கேளுங்கள், தொட்டியில் ஊற்றி நாலு பக்கமும் சாய்த்துக் கசிவு பாருங்கள். கம்பத்தின் அடியையும் துண்டுகள் சேரும் இடத்தையும் பாருங்கள், மேலாகத் துரு இருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், தட்டினால் பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். கடலோர ஊர்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். உயரத்தை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நட்டு போல்ட்டு காணாமல் போயிருந்தால் கவலை இல்லை, அவை எங்கும் கிடைக்கும். வலை கிழிந்திருந்தால் பேரம் பேச நல்ல காரணம், புது நைலான் வலை மிக மலிவு.

மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் சின்ன ஸ்டாண்டுகளையும் நான் ஒதுக்கவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதும், பந்தும் இலேசான ரப்பர் பந்து என்பதால் ஆபத்து குறைவு. ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, நிஜமான பந்தோடு, அதை வாங்கிக்கொடுப்பதுதான் வேண்டாம். அந்த வயதில் பணம் குறைவாக இருந்தால் ஸ்டாண்டைத் தள்ளிப்போட்டு முதலில் நல்ல பந்து வாங்குங்கள். பன்னிரண்டு வயது வரை 5ஆம் எண், பிறகு பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. சிமென்ட் தரைக்கு ரப்பர் பந்துதான் சரி, தோல் பந்து ஒரே மாதத்தில் உரிந்துவிடும். பந்தைக் கையில் பழக்கும் டிரிப்ளிங்குக்கு வளையமே தேவையில்லை.

ஸ்டாண்டு வந்த நாளே பிள்ளைகளை உட்காரவைத்துச் சில விதிகளைச் சொல்லியே ஆக வேண்டும். வளையத்தில் தொங்கக் கூடாது, நாற்காலி போட்டு ஏறி டங்க் அடிக்கக் கூடாது. கணக்கு மேலே இருக்கிறது, பிள்ளைகளிடமும் அதைப் போட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டார்கள். தாழ்த்திய வளையத்தில் எம்பி அடிக்கும்போது பல் வலையில் மாட்டி விபத்து நேர்ந்திருக்கிறது, பல தயாரிப்பாளர்கள் கம்பத்திலேயே அந்த எச்சரிக்கையை ஒட்டுகிறார்கள். மோதிரம், வளையல், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும், வலையிலும் கொக்கியிலும் மாட்டும். பக்கத்து வீட்டுப் பெரிய பையன்கள் வந்தாலும் அதே விதிதான். அவர்கள்தான் முதலில் தொங்கிப் பார்ப்பார்கள், "தம்பி, இங்க தொங்கறதில்லப்பா" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதும் விதியைப் போலத்தான். பந்து தரையில் தட்டும் சத்தம் ஆடுகிறவர்களுக்குத் தெரியாது, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு தட்டும் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்க்கிங் இடத்தில் வைப்பதானால் சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கார் கண்ணாடிக்கு எட்டாத மூலையாகப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். "மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுக்கறேன் கண்ணு, நாலு மணிக்கு மேல எவ்வளவு வேணாலும் தட்டட்டும்" என்றார். அதனால் நாலு மணிக்கு முன் பந்து வெளியே வருவதில்லை, இரவு எட்டரைக்கு மேலும் இல்லை. பரீட்சை நாட்களில் எதிர்வீட்டு அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறான் என்று என் மகளே கம்பத்தை ஓரம் தள்ளச் சொல்லிவிட்டாள்.

2021இல் பத்மஸ்ரீ பெற்ற, இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை சென்னைக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேகம் கூடியிருக்கிறது. இப்போது எட்டரை அடியில் எறிகிறாள். அடுத்த துளைக்கு ஏற்றலாமா என்று தினமும் கேட்கிறாள். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து தோளைத் திருகாமல் பத்தில் ஐந்தாவது போட்டால் ஏற்றுவோம் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி முடியட்டும், மூட்டைச் சாக்குகளை மாற்றிவிட்டு அந்த வேலையைப் பார்க்கலாம்.